எல்லைக்கல் இல்லாத நாடு: செட்டிநாட்டின் நிலம், மக்கள், ஆட்சி

சிவகங்கை மாவட்டத்தின் வட்டங்களைச் சொல்லிக்கொண்டு போனால் காரைக்குடி வரும், தேவகோட்டை வரும், திருப்பத்தூர் வரும். புதுக்கோட்டைப் பக்கம் திருமயமும் பொன்னமராவதியும் வரும். செட்டிநாடு எங்கும் வராது. கானாடுகாத்தானை ஒட்டிய ரயில் நிலையத்துப் பலகையில் அந்தப் பெயர் இருக்கிறது. உலகம் முழுக்க உணவகப் பலகைகளிலும் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரில் ஒரு தாலுகாவையோ மாவட்டத்தையோ எந்த அரசும் வகுத்ததில்லை.

ஆனாலும் ஊர்க்காரர்களைக் கேட்டால் நான்கெல்லையும் சொல்லிவிடுவார்கள். வடக்கே வெள்ளாறு, தெற்கே வைகை, மேற்கே பிரான்மலை, கிழக்கே கடல். இதற்குள் ஏறத்தாழ 1,550 சதுர கிலோமீட்டர் நிலம். ஒரு காலத்தில் 96 ஊர்கள் இருந்தன என்பது வழக்கு. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், வாழும் ஊர்கள் என்று இன்று எண்ணப்படுபவை எழுபதுக்குச் சற்று மேல். இந்த எல்லையைக் காவல் காக்க எந்தப் படையும் இருந்ததில்லை, இங்கே சுங்கச் சாவடி போட்டவரும் இல்லை. அப்படியானால் இதை ஒரு நாடாகக் கட்டிவைத்தது எது? ஒன்பது கோவில்களில் இருந்த கணக்கேடுகள் என்பதே பதில். அந்த ஏட்டில் யார் பெயர் இருந்தது, யார் பெயர் இல்லை என்பதில் செட்டிநாட்டின் பெருமையும் இருக்கிறது, குறையும் இருக்கிறது.

செம்மண்ணும் ஊருணியும்

கிழக்கே கடல் என்பது எல்லைக்குச் சொல்லும் கணக்குத்தான். நகரத்தார் ஊர்கள் உள்நாட்டில் இருக்கின்றன. காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். போய்ச் சேர்ந்தாலும் அங்கே இருப்பது ஆழமில்லாத பாக் நீரிணை. இலங்கைக்குப் போகும் தோணிக்கு அந்த ஆழம் போதும். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் நீராவிக் கப்பல் ஏறவேண்டுமானால் நாகப்பட்டினத்துக்கோ சென்னைக்கோ போக வேண்டும். உள்ளே வற்றாத ஆறு என்று ஒன்றும் கிடையாது.

மண் சிவப்பு. பல இடங்களில் அதன் அடியில் செம்பூராங்கல். வெட்டும்போது இளகிக் கொடுக்கும், காற்றுப் பட்டுக் காய்ந்ததும் இறுகிப்போகும் கல் அது. ஆண்டு மழை சராசரியாக 900 மில்லிமீட்டரை ஒட்டி வரும். அதில் பாதியளவு ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். பெய்கிற சில வாரங்களில் பிடித்துவைக்காவிட்டால் பங்குனி, சித்திரையில் குடிக்கத் தண்ணீர் இல்லை.

இந்த நாட்டின் முதல் பொதுப்பணி, ஆகையால், தண்ணீர்ப் பணிதான். வயலுக்குக் கண்மாய், குடிக்க ஊருணி. செட்டிநாட்டு வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் பர்மா தேக்குத் தூணையும் இத்தாலியப் பளிங்கையும் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுவர்ப்பூச்சின் வழவழப்பையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அண்ணாந்து கூரையைப் பார்ப்பவர் குறைவு. ஓட்டுக் கூரை வளவின் முற்றத்தை நோக்கிச் சரிகிறது. முற்றத்தில் விழும் மழையை அண்டாக்களில் பிடித்தது போக மிச்சம் கல் பாவிய வாய்க்காலில் இறங்கித் தெருவுக்குப் போகும், தெருவிலிருந்து ஊருணிக்குப் போகும். நேர்கோடாக ஓடும் தெருக்களும், ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நீளும் வீடுகளும் இந்த நீரோட்டத்தையும் கணக்கில் வைத்துத்தான் அமைந்தன. காரைக்குடிக்கு மட்டும் இயற்கை கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தது. மணற்கல் அடுக்கில் தேங்கிய நிலத்தடி நீர் சம்பை ஊற்றாகக் கிடைத்து, அந்த நகரத்துக்கு நெடுங்காலம் இனிய குடிநீர் தந்திருக்கிறது.

கடலைத் தொடாத நிலம் என்றால் என்ன ஆகும் என்பதற்குத் தென் அமெரிக்காவில் இரண்டு நாடுகள் இருக்கின்றன, பொலிவியாவும் பராகுவேயும். பராகுவேக்கு அதன் ஆறு கைகொடுத்தது. அசுன்சியோனில் ஏற்றிய சரக்கு பராகுவே ஆற்றிலும் பரானா ஆற்றிலும் மிதந்து அட்லாண்டிக் கடலை அடைகிறது. பொலிவியாவின் கதை வேறு. 1879இல் தொடங்கிய போரில் சிலியிடம் பசிபிக் கரையை இழந்தது, 1904 ஒப்பந்தத்தில் அந்த இழப்புக்குக் கையெழுத்தும் போட்டது. கடலுக்கு வழிவிடுவது பற்றிப் பேச்சு நடத்தியே தீரவேண்டிய கட்டாயம் சிலிக்கு இல்லை என்று 2018 அக்டோபர் 1 அன்று சர்வதேச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இன்றும் பொலிவியாவுக்குக் கடற்படை உண்டு. 3,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் டிட்டிகாகா ஏரியில் அது பயிற்சி எடுக்கிறது. மார்ச் 23ஆம் தேதியைக் கடல் நாளாக அந்த மக்கள் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறார்கள்.  

பொலிவியாவிடம் அரசு இருக்கிறது, கடல் இல்லை. செட்டிநாட்டாரிடம் இரண்டுமே இல்லை. கடலைக் கேட்டு இவர்கள் யாரோடும் போராடவும் இல்லை. அயலார் துறைமுகத்தில் அயலார் கப்பலில் ஏறிப் போனார்கள்.

மேலே இருந்த அரசுகள்

இதை வேகமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் ஊருக்குள் நடந்ததை இந்த அரசுகள் அதிகம் தொடவில்லை. பாண்டியர், மதுரை நாயக்கர், இராமநாதபுரம் சேதுபதி என்று கைமாறிய நிலம், 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சேதுபதி சீமையிலிருந்து சிவகங்கை பிரிந்தபோது பெரும்பகுதி அதனோடு போனது. 1772இல் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையால் கொல்லப்பட்டார். 1780இல் அவர் மனைவி வேலு நாச்சியார் சீமையை மீட்டார். 1801 அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டபின் சிவகங்கை வெறும் ஜமீன் ஆனது. வடபகுதி ஊர்கள் புதுக்கோட்டைத் தொண்டைமான் சமஸ்தானத்தில் இருந்தன. கானாடுகாத்தானில் இருந்த பங்காளி ஜமீனுக்குக் கட்டுப்பட்டவர். இராயவரத்தில் இருந்த பங்காளி தொண்டைமான் குடிமகன், அவர் கையில் புழங்கியது சமஸ்தானத்தின் அம்மன் காசு. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானது. 1948இல் புதுக்கோட்டை இந்தியாவோடு இணைந்தது, அதே ஆண்டின் சட்டம் ஜமீன்களை ஒழித்தது. 1974இல் புதுக்கோட்டையும் 1985இல் இன்றைய சிவகங்கையும் தனி மாவட்டங்களாயின. ஒரே கோவிலிலிருந்து திருமண மாலை வாங்குகிறவர்கள் இன்றும் இரண்டு ஆட்சியர் அலுவலகங்களுக்கு மனு எழுதுகிறார்கள்.

1929இல் கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியாருக்கு ஆங்கில அரசு செட்டிநாட்டு ராஜா என்ற பரம்பரைப் பட்டம் கொடுத்தது. இந்தியன் வங்கியைத் தொடங்கியவர்களில் ஒருவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவியவர் என்ற வகையில் அவர் பெரிய மனிதர்தான். ஆனால் அந்தப் பட்டத்தால் 96 ஊர்களுக்கும் அரசர் ஆகிவிடவில்லை. ஊர்களை ஆண்ட முறை அதற்கு வெகுகாலம் முன்பே வேர்விட்டிருந்தது.

புள்ளி

நகரத்தார் பூம்புகாரிலிருந்து பாண்டிய நாட்டுக்கு வந்து குடியேறியதாக அவர்கள் மரபு சொல்கிறது. வந்தவர்களுக்குக் கிடைத்தவை ஒன்பது கோவில்கள்: இளையாத்தங்குடி, மாத்தூர், வயிரவன்கோவில், நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. ஒவ்வொரு நகரத்தாரும் இவற்றுள் ஒன்றைச் சேர்ந்தவர். ஒரே கோவிலில் ஒரே பிரிவுக்காரர்கள் பங்காளிகள், அவர்களுக்குள் கொள்வினை கொடுப்பினை கிடையாது. இரணியூரும் பிள்ளையார்பட்டியும் அண்ணன் தம்பி முறை, அங்கேயும் பெண் எடுப்பதில்லை.

ஆட்சியின் அலகு புள்ளி. திருமணம் ஆன தம்பதி ஒரு புள்ளி. துணையை இழந்தவர் அரைப்புள்ளி. மணமாகாத ஆண், எத்தனை வயதானாலும், எவ்வளவு சம்பாதித்தாலும், கணக்கில் இல்லை. கல்யாணம் பேசியதும் மாப்பிள்ளை வீட்டுக் கோவிலிலிருந்தும் பெண் வீட்டுக் கோவிலிலிருந்தும் மாலை வர வேண்டும். மாலை வந்தால்தான் அது நகரத்தார் திருமணம். கோவில் ஏட்டில் ஒரு புள்ளி ஏறும், பெண் அன்றிலிருந்து கணவன் கோவிலைச் சேர்வாள். திருப்பணிக்கும் விழாவுக்கும் புள்ளிக்கு இவ்வளவு என்று வரி பிரிப்பார்கள். பிள்ளை இல்லாதவர் பிள்ளை கூட்டிக்கொள்வதும் இந்த ஏட்டுக்கு உட்பட்டது, பங்காளிக்குள்தான் எடுக்க வேண்டும். திருமணப் பதிவு, மக்கள்தொகைக் கணக்கு, வரி வசூல், வாரிசு உரிமை என்று இன்றைக்கு நாலு அலுவலகங்களில் நடக்கும் வேலை ஒரு கோவில் ஏட்டில் நடந்திருக்கிறது. ஊர்ச் சண்டை என்றால் நகரச் சிவன்கோவிலில் ஊரார் கூடிப் பேசி முடிப்பார்கள். தீர்ப்பை ஏற்காதவனுக்கு மாலை நின்றுபோகும் என்ற அச்சமே போதுமானதாக இருந்தது. போலீஸ் தேவைப்படவில்லை.

வீட்டுக்குள்ளும் இதே கணக்குத்தான். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் ‘வேறு வைப்பது’ வழக்கம். ஒரே வளவில் இருந்தாலும் தனி அறை, தனி அடுப்பு, ஆண்டுக்கு இவ்வளவு நெல். சாப்பாட்டுச் செலவைத் தம் கையில் எண்ணிப் பார்க்கப் பழகிய இளம் தம்பதி கூட்டுக் குடும்பத்தின் கூரையை விட்டு வெளியே போகவும் வேண்டியதில்லை. கணவர் மூன்றாண்டு அக்கரையில் இருக்கும்போது ஆச்சிதான் வீட்டை நடத்தினார். சீராக வந்த ‘ஆச்சிமார் பணம்’ தனியாக வட்டிக்குப் போனது. இத்தனைக்கும் கோவில் கூட்டத்தில் பேசும் உரிமை ஆண்களுக்கே இருந்தது. புள்ளியில் பாதி பெண், தீர்மானத்தில் அவளுக்குப் பங்கில்லை. சமூகத்துக்கு வெளியே மணந்தவருக்கு மாலை இல்லை என்பதும் இந்த ஆட்சியின் கடுமையான விதிகளில் ஒன்று.

அக்கரையில் ஒரு நாடு

1852இல் கீழ்பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி கழிமுகத்தின் காடு வெட்டி நெல் வயலானது. காடு வெட்டிய பர்மிய விவசாயிக்குக் கடன் கொடுக்க ஆங்கில வங்கிகள் முன்வரவில்லை. அந்த இடத்தில் போய் உட்கார்ந்தவர்கள் செட்டிநாட்டார்.

‘கொண்டு விற்கப் போவது’ என்று இதைச் சொல்வார்கள். பையன் பதின்ம வயதிலேயே பெட்டியடிக்குச் சேர்வான், பிறகு அடுத்தாள், பிறகு மேலாள். மேலாளுக்குத் தவணை மூன்று ஆண்டு. ஊரில் இருக்கும் முதலாளிக்குக் கணக்கு ஒழுங்காகப் போய்ச் சேரும், தவணை முடிந்ததும் ஐந்தொகை போட்டு ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். ஏமாற்றினால் என்ன ஆகும்? பங்காளிகளுக்குத் தெரியும், சம்பந்திகளுக்குத் தெரியும், கோவிலுக்குத் தெரியும். தென்கிழக்காசியா முழுவதும் ஜாமீன் பத்திரம் இல்லாமல் பணம் போய்வந்ததற்குக் காரணம் இந்த ஏடுதான் என்பது என் கணிப்பு. இரங்கூன் மொகல் தெருக் கோவிலில் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். மத்திய வங்கி செய்யும் வேலையை முருகன் சந்நிதியில் செய்தார்கள். பினாங்கில் 1857இலும் சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் 1859இலும் தண்டாயுதபாணிக்குக் கோவில் எழுந்தது. வரவில் ஒரு பங்கை மகமையாக எடுத்துவைத்து, கோவில் திருப்பணிக்கும் சத்திரத்துக்கும் பள்ளிக்கும் செலவழித்தார்கள்.

பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு 1929-30இல் கணக்கெடுத்தபோது அங்கே செட்டியார் கடைகள் ஏறத்தாழ 1,650, புழங்கிய முதல் 75 கோடி ரூபாய். அடுத்த ஆண்டுகளில் உலகப் பொருளாதாரம் சரிந்தது, நெல் விலை விழுந்தது, விவசாயியால் கடனைக் கட்ட முடியவில்லை. ஈட்டுக்கு வைத்த நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. கீழ்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்களிடம் இருந்தது சாகுபடி நிலத்தில் 6 சதவீதம். 1938இல் அது 25 சதவீதம், 25 லட்சம் ஏக்கரை நெருங்கியது. இந்த நிலத்தை அவர்கள் விரும்பவில்லை, அவர்களுக்கு வேண்டியது ரொக்கம். ஆனால் தாத்தா வெட்டித் திருத்திய வயலில் குத்தகைக்காரனாக நிற்கும் பர்மியனுக்கு அந்த விளக்கம் எதற்கு? அவன் கோபத்தின் நியாயத்தையும் சேர்த்துச் சொல்லாமல் பர்மா கதையைச் சொல்லக் கூடாது. 1942இல் ஜப்பான் படை வந்தது. கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள், கிடைக்காதவர்கள் அரக்கான், மணிப்பூர்க் காடுகளில் நடந்தார்கள். சுதந்திர பர்மா 1948இல் நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் கொண்டுவந்தது, நே வின் ஆட்சியில் 1960களில் மிச்சக் கடைகளும் போயின.

அக்கரையில் பணம் நின்றதும் இக்கரையில் வீடு கட்டுவது நின்றது. கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் ஆத்தங்குடியிலும் நாம் இன்று காணும் பெரிய வீடுகள் பெரும்பாலும் அதற்கு முந்தைய நூறு ஆண்டுக்குள் எழுந்தவை.

ஏட்டில் இல்லாதவர்கள்

செட்டிநாட்டில் நகரத்தார் என்றைக்கும் சிறுபான்மைதான். கள்ளர், முத்தரையர், உடையார், கோனார், பள்ளர், பறையர், முஸ்லிம்கள், கிறித்தவர்கள், கம்மாளர் என்று இந்த நிலத்தின் பெருந்தொகை மக்கள் புள்ளிக் கணக்குக்கு வெளியே இருந்தவர்கள். நிலைக்கதவைச் செதுக்கிய ஆசாரியும், கண்ணாடிப் பலகை மேல் வண்ணச் சாந்தை ஊற்றி ஆத்தங்குடிக் கல் வார்த்தவரும், அகலக் கரை போட்டுக் கண்டாங்கி நெய்தவரும் இல்லாமல் அந்த வீடுகளுக்கு அழகு ஏது? காரைக்குடி கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது.  சுற்றுலாக் கையேடுகளில் இந்தக் கைவினைஞர்களுக்கு ஒரு வரி கிடைத்தாலே பெரிது.

நகரத்தாருக்குக் கோவில் ஏடு இருந்ததுபோலக் கள்ளர்களுக்கு நாட்டு அமைப்பு இருந்தது. அதன் முகமாக நாட்டார்களும் அம்பலகாரர்களும் இருந்தார்கள். இந்த ஆட்சிகள் எல்லாவற்றுக்கும் அடியில் வைக்கப்பட்டவர்கள் தலித் மக்கள். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது, ஆண்கள் முழங்காலுக்குக் கீழே ஆடை உடுத்தக் கூடாது என்பன உள்ளிட்ட எட்டுத் தடைகளை 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதி ஆதிக்க சாதியினர் அவர்கள்மேல் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். சுதந்திரம் வந்து முப்பது ஆண்டுக்குப் பின்பும், 1979இல், தேவகோட்டை அருகே உஞ்சனையில் புரவியெடுப்பில் பங்கு கேட்ட தலித்துகளில் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். உஞ்சனை, செம்பொன்மாரி, தென்னிலை, இரவுசேரி ஆகிய நான்கு நாட்டாருக்கு உரிய கண்டதேவித் தேரில் தலித்துகளும் வடம் பிடிக்கலாமா என்ற கேள்வி நீதிமன்றம்வரை போனது. பல ஆண்டுகள் நிலையிலேயே நின்ற அந்தத் தேர் 2024 ஜூனில் பலத்த போலீஸ் காவலோடு ஓடியது. மரபான ஆட்சி முறைகளைப் போற்றுகிறவர்கள், நானும் அவர்களில் ஒருவன், கண்டதேவியையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

ஏட்டைத் தாண்டி எல்லோருக்குமாகக் கை நீட்டியவர் கோட்டையூர் அழகப்பச் செட்டியார் (1909-1957). 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரியில் நிறுவனம் திறக்கப்பட்டது. எந்தக் கோவில், எந்தப் பிரிவு என்று கேட்காமல் மாணவர்கள் உள்ளே போன இடங்கள் இவை. 1985இல் அவர் பெயரில் பல்கலைக்கழகமும் வந்தது. செட்டிநாட்டின் செல்வம் செட்டிநாட்டு மக்கள் அனைவருக்கும் பயன்பட்டது என்று தயக்கமின்றிச் சொல்லக்கூடிய இடம் அழகப்பர் வளாகம்.

இன்று யார் பொறுப்பு?

ஒரு வீட்டுக்கு இன்று முப்பது, நாற்பது பங்குதாரர்கள். ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் சென்னையில், ஒருவர் டெக்சாஸில். பழுது பார்க்க எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், இடிக்கவும் அப்படியே. இரண்டாவதற்குக் கையெழுத்து சீக்கிரம் கிடைக்கிறது, ஏனென்றால் தேக்குக்கும் தூணுக்கும் உடனே விலை உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் நிலைக்கதவும் எனாமல் தூக்குவாளியும் தஞ்சாவூர் ஓவியமும் விற்பனைக்கு இருக்கின்றன.

செட்டிநாட்டுக் கிராமத் தொகுதிகளை யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இந்தியா 2014இல் சேர்த்தது. பட்டியலில் பெயர் இருப்பதால் ஒரு சுவரைக்கூட இடியாமல் தடுக்க முடியாது. அதற்கு உள்ளூர்ச் சட்டமும் பணமும் வேண்டும். காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆனது. கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் அரியக்குடி, சங்கராபுரம் உள்ளிட்ட ஊராட்சிகளும் அதில் இணைந்தன. கானாடுகாத்தானும் பள்ளத்தூரும் பேரூராட்சிகள், ஆத்தங்குடி ஊராட்சி, இராயவரமும் கோனாபட்டும் அடுத்த மாவட்டம். மரபுப் பகுதி என்று முழுசாகப் பார்க்கும் பொறுப்பு எந்த ஒரு அலுவலகத்துக்கும் இல்லை.

இரண்டு மாவட்டங்களுக்கும் பொதுவான ஒரு திட்டக்குழு வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. அது அமைந்தால் முதல் வேலையாக வீடுகளைப் பட்டியலிடும் ஆசை வரும். எனக்கு வேறு வரிசை தோன்றுகிறது. ஊருணிகளை முதலில் எடுக்க வேண்டும். வீட்டுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு பேசிப் பேசித்தான் காரியம் ஆகும். ஊருணியும் கண்மாயும் வரத்துக்காலும் பொதுச்சொத்து, இன்றைக்கே கை வைக்கலாம். புதிய மனைப்பிரிவுகளும் சாலைகளும் வரத்துக்காலை அடைத்தால், எவ்வளவு அழகாகப் படிக்கட்டு கட்டினாலும் ஊருணிக்கு மழைநீர் வராது. முகப்பு நகரத்தார் கட்டியது, வரத்துக்காலை வெட்டியவர்கள் ஏட்டில் பெயர் இல்லாதவர்கள், தண்ணீர் குடித்தது மொத்த ஊரும். ஆக, முதல் கணக்கெடுப்பு ஊருணி, கண்மாய், அவற்றின் வரத்துக்கால் ஒவ்வொன்றையும் சர்வே எண்ணோடு குறிக்கும் கணக்கெடுப்பாக இருக்கட்டும். காரைக்குடி மாநகராட்சி தன் எல்லைக்குள் அதை இந்த ஆண்டே தொடங்க முடியும். அதற்கு யுனெஸ்கோவின் அனுமதி தேவையில்லை.